சிறு கல்லூரியா, பெரும் பல்கலைக்கழகமா? இந்நகரத்துக் கத்தோலிக்கர் எடுத்த ஒரு முடிவின் வரலாறு



வெக்ஸ்போர்ட்டில் பனி முழுவதும் உருகுவதற்கு முன்பே ஒவ்வோராண்டும் ஒரு கேள்வி வந்து சேர்ந்துவிடுகிறது. ஞாயிறு திருப்பலி முடிந்து மண்டபத்தில் தேநீர்க் கோப்பையோடு நிற்கும் வேளையில், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையை அருகில் நிறுத்திக்கொண்டே பெற்றோர் கேட்கிறார்கள்: "சுவாமி, பிள்ளைக்கு இரண்டு இடத்திலும் அனுமதி கிடைத்திருக்கிறது. சின்னக் கல்லூரிக்கு விடுவதா, பெரிய பல்கலைக்கழகத்துக்கு விடுவதா?" பிள்ளையோ கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். முடிவைச் சொல்ல வேண்டிய நாள் ஜூன் மாதத் தொடக்கத்தில் வந்துவிடும் என்பது பிள்ளைக்கும் தெரியும்.

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் இக்கேள்வி நமக்கு முன்பே இந்நகரத்திற்கு வந்த ஒரு ஏழைச் சமூகத்தை ஏறத்தாழ 60 ஆண்டுகள் வாட்டியது. அவர்கள் அதற்குக் கண்ட விடையின் மீதுதான் இன்று நம் பிள்ளைகள் நடந்துகொண்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன்.

நாம் வாழும் இப்பகுதியின் பெயர் அயர்லாந்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள ஒரு மாவட்டத்தின் பெயர். இன்று லாரன்ஸ் கிழக்குச் சாலையில் அரபு, தமிழ், பிலிப்பீனோப் பெயர்ப்பலகைகளைக் காண்கிற நமக்கு அது நினைவுக்கு வருவதில்லை. 1847ஆம் ஆண்டு, உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்த அயர்லாந்திலிருந்து 38,000க்கும் மேற்பட்டோர் ரொறன்ரோத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். அப்போது நகரத்தின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 20,000தான். வந்தவர்களோடு கப்பற்காய்ச்சலும் வந்தது. அந்தக் கோடையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இங்கே இறந்தனர். நோயாளரிடையே சென்று பணியாற்றிய ரொறன்ரோவின் முதல் ஆயர் மைக்கேல் பவர் அவர்களும் அதே நோயால் அக்டோபர் முதல் நாளில் இறந்தார். மறைமாவட்டத்திற்கு ஆயர் இல்லை, பணமில்லை. வந்த மக்களில் பெரும்பாலோருக்குக் கல்வியில்லை. நகரத்தின் அதிகாரமும் வணிகமும் கல்விக்கூடங்களும் சீர்திருத்தச் சபையினர் கையில் இருந்தன.

இதே 1847இல், அமலமரித் தியாகிகள் சபையின் முதற் குருக்கள் இலங்கைக் கரையில் இறங்கினார்கள் என்பதை யாழ்ப்பாணத்து மக்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். அவர்களுக்குத் தலைமை தாங்கி வந்த செமேரியா அடிகளார் பின்னர் யாழ்ப்பாணத்தின் ஆயரானார். அச்சபையினர் அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னரே கனடாவுக்கும் வந்திருந்தனர். அவர்களைப் பற்றிய பேச்சு பின்னால் மீண்டும் வரும்.

1850இல் ரொறன்ரோவுக்கு இரண்டாவது ஆயராக வந்தவர் பிரெஞ்சு நாட்டவரான அர்மான் தெ ஷார்போனல். பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். இந்த மரவீடுகளின் நகரத்தில் ஐரிஷ் ஏழைகளுக்கு ஆயராக இருக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி வேண்டும் என்று கருதியபோது, தாம் மாணவனாக இருந்த அனோனே என்னும் சிறு நகரத்துக் குருக்களை நினைத்தார். புனித பசிலியார் சபை என்னும் அக்குருக்குழு பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் குருமடங்கள் மூடப்பட்டபோது மலைப்பகுதியில் மறைவாகப் பாடம் நடத்தியவர்களின் மரபில் 1822இல் தோன்றியது. அவர்களில் சிலர் அட்லாண்டிக்கைக் கடந்து வந்து 1852இல் புனித மிக்கேல் கல்லூரியைத் தொடங்கினார்கள். முதற் தலைவர் சூலரென் அடிகளார். ஆரம்பத்தில் அதற்குச் சொந்தக் கட்டடம்கூட இல்லை. ஆயரின் இல்லத்தில்தான் வகுப்புகள் நடந்தன. ஆங்கிலிக்கன் சபையிலிருந்து கத்தோலிக்கரான ஜோன் எல்ம்ஸ்லி என்னும் செல்வர் தம் குளோவர் ஹில் தோட்டத்திலிருந்து நிலம் அளித்தார். 1856இல் அங்கே புனித பசிலியார் ஆலயமும் கல்லூரியும் எழுந்தன. 1863இல் எல்ம்ஸ்லி இறந்தபோது, அவருடைய இதயம் அவ்வாலயத்தின் மேற்குச் சுவரில் வைக்கப்பட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. நகரத்தின் நடுவில் வானுயர் கட்டடங்களுக்கிடையே நிற்கும் அவ்வாலயத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இப்போது பெரிய பல்கலைக்கழகத்தின் பக்கம் திரும்புவோம். அரச பட்டயம் பெற்ற கிங்ஸ் கல்லூரி 1827இல் ஆங்கிலிக்கன் நிறுவனமாகத் திட்டமிடப்பட்டு, 1843இல்தான் பாடம் தொடங்கியது. பொதுப் பணத்தையும் பொது நிலத்தையும் ஒரு சபை மட்டும் அனுபவிப்பதா என்று மற்றச் சபையினர் போராடினர். விளைவாக 1850ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அது ரொறன்ரோப் பல்கலைக்கழகம் ஆயிற்று. சமயச் சோதனையோ இறையியல் போதனையோ அங்கே இருக்காது என்று சட்டம் சொன்னது. அதை உருவாக்கப் பாடுபட்ட ஆங்கிலிக்கன் ஆயர் ஸ்ட்ராகன் கொதித்தெழுந்தார். கடவுளைத் துரத்திய இடம் என்று அதைக் கண்டித்து, எழுபது வயதைக் கடந்த நிலையில் இங்கிலாந்து சென்று பணம் திரட்டி, குயீன் வீதி மேற்கில் டிரினிற்றிக் கல்லூரியை நிறுவினார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாம் உலாவப் போகும் டிரினிற்றி பெல்வுட்ஸ் பூங்கா அக்கல்லூரி நின்ற இடமே.

கத்தோலிக்கரின் நிலை என்ன? அதே 1850இல் அயர்லாந்தின் ஆயர்கள் தர்ல்ஸ் நகரத்தில் கூடி, பிரித்தானிய அரசு பெல்பாஸ்ட், கோர்க், கால்வே நகரங்களில் அமைத்த சமயச் சார்பற்ற கல்லூரிகளைக் கண்டித்தார்கள். அதற்கு மாற்றாகத் தனிக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று நியூமன் அவர்களை டப்ளினுக்கு அழைத்தார்கள். 2019இல் புனிதராக உயர்த்தப்பட்ட அதே நியூமன்தான். பல்கலைக்கழகம் என்றால் என்ன என்று அவர் டப்ளினில் புகழ்பெற்ற சொற்பொழிவுகளை ஆற்றியதும், இங்கே புனித மிக்கேல் கல்லூரி தொடங்கியதும் 1852ஆம் ஆண்டிலேயே.

நியூமனுடைய சிந்தனையில் நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு கருத்து உண்டு. பல்கலைக்கழகம் பேராசிரியருக்குரிய இடம்; அங்கே அறிவு பரந்து விரிந்து வருகிறது. கல்லூரி என்பதோ ஆசிரியர் மாணவனைப் பெயர் சொல்லி அறியும் இடம். அங்கே மனிதன் உருவாகிறான். முன்னது இல்லாவிட்டால் பின்னது குறுகிவிடும்; பின்னது இல்லாவிட்டால் முன்னது சிதறிவிடும் என்பது அவர் கருத்தின் சாரம். இதை அவர் ஒக்ஸ்பர்ட்டில் வாழ்ந்து அறிந்தவர். ஆயினும் அவர் அமைத்த டப்ளின் பல்கலைக்கழகத்தின் பட்டங்களை அரசு ஏற்கவில்லை. பட்டமில்லாப் படிப்புக்கு ஏழை நாட்டில் எத்தனை பேர் வருவார்கள்? அதன் மருத்துவப் பள்ளி மட்டுமே செழித்தது.

அதே சிக்கல்தான் குளோவர் ஹில் மேட்டிலும் இருந்தது. கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமை இல்லை. குருமடத்திற்குச் செல்லும் இளைஞருக்கு அது குறையன்று. ஆனால் வழக்கறிஞராகவோ மருத்துவராகவோ விரும்பிய கடைக்காரர் மகனுக்கு அது பெருங்குறை. போதாததற்கு 1868இல் ஒன்ராறியோ அரசு சமயச் சபைக் கல்லூரிகளுக்குக் கொடுத்துவந்த சிறு மானியத்தையும் நிறுத்தியது. கிங்ஸ்டனில் இருந்த ரெஜியோபொலிஸ் என்னும் கத்தோலிக்கக் கல்லூரி மறு ஆண்டே கதவை மூடியது. இதைச் சிறு செய்தியாகக் கடந்துவிடாதீர்கள். சிறிய நிறுவனம் என்றாலே அழகானது, அன்பானது என்று நினைக்கிறோம். ஒரு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி நீங்கினால் அது இல்லாமற் போகும் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

1881இல் புனித மிக்கேல் கல்லூரி ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. அயர்லாந்தில் ஆயர்கள் கண்டித்த அதே வகையான சமயச் சார்பற்ற நிறுவனம்! அக்காலத்தில் தலைவராக இருந்தவர் வின்சென்ட் அடிகளார். பேராயர் லிஞ்ச் ஐரிஷ்காரர். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இணையவில்லை. வரலாறும் மெய்யியலும் சமய நம்பிக்கையைத் தொடும் பாடங்கள். அவற்றில் கத்தோலிக்க மாணவருக்கான தனி ஏற்பாடு வேண்டும் என்று கேட்டுப் பெற்றார்கள். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்க முடியாது என்று முதலில் தமக்குள் தெளிந்துகொண்டு பேச்சுக்குப் போனவர்கள் என்பதே அவர்களிடம் நான் வியப்பது.

பிறகு 1887இல் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. ஒவ்வொரு சபையும் தன் கல்லூரியை, தன் சொத்தை, தன் ஆசிரியரை வைத்துக்கொள்ளலாம். மொழிகள், ஒழுக்கவியல் போன்ற செலவு குறைந்த பாடங்களைக் கல்லூரிகளே கற்பிக்கும். ஆய்வுகூடம் தேவைப்படும் அறிவியல் முதலியவற்றைப் பல்கலைக்கழகம் கற்பிக்கும். பட்டம் எல்லோருக்கும் ஒன்றே. மெதடிஸ்த சபையின் விக்ரோறியாக் கல்லூரி கோபர்க் நகரத்து மக்கள் அழுது தடுத்தும் 1892இல் ரொறன்ரோவுக்கு இடம்பெயர்ந்தது. ஸ்ட்ராகனின் டிரினிற்றிகூட 1904இல் தலை வணங்கியது. அதைக் காண ஸ்ட்ராகன் உயிரோடில்லை. பிரஸ்பிற்றேரியரின் குயீன்ஸ் கல்லூரி மட்டும் கிங்ஸ்டனை விட்டு அசையமாட்டோம் என்றது. அது தனித்து வளர்ந்து பெரும் பல்கலைக்கழகமாயிற்று. ஆனால் 1912இல் தன் சபைத் தொடர்பை விட்டே அப்படி வளர்ந்தது.

புனித மிக்கேல் முழுமையான கலைக் கல்லூரியாக ஏற்கப்பட்டது 1910இல். அதற்காக உழைத்தவர் ஒஷாவாவில் பிறந்த ஹென்றி கார் என்னும் இளங்குரு. அதுவரை கல்லூரி பிரெஞ்சு முறையிலான பழைய பாடத்திட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மாகாணத் தேர்வுகளுக்கு ஏற்ப அதை மாற்றினால்தான் நம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்திற்குள் நுழைய முடியும் என்று அவர் தெளிவாகக் கண்டார். 1911இல் முதல் மாணவர்கள் அக்கல்லூரி வழியாகப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார்கள். பஞ்சத்திற்குத் தப்பி வந்த தலைமுறையிலிருந்து கணக்கிட்டால் 64 ஆண்டுகள். நம் சமூகம் 1983க்குப் பிறகு இங்கே பெருமளவில் வந்தது. நம் பிள்ளைகள் பட்டம் பெறுவதற்கு ஒரு தலைமுறைகூடத் தேவைப்படவில்லை. நம் பெற்றோரின் உழைப்பு அதற்கு ஒரு காரணம். நமக்கு முன்னே வந்தவர்கள் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள் என்பது மற்றொரு காரணம்.

பெண்களின் கதையை இங்கே ஒரு சொல்லாவது சொல்ல வேண்டும். புனித சூசையப்பர் சபைச் சகோதரிகளும் லொறேற்றோச் சகோதரிகளும் தத்தம் கல்லூரிகளை 1911-12 காலத்தில் புனித மிக்கேலோடு இணைத்தே கத்தோலிக்கப் பெண்களுக்கும் பல்கலைக்கழகப் பட்டத்திற்கு வழி செய்தார்கள். நீண்டகாலம் கல்லூரிப் பாடங்களை அவர்கள் தனியாகவே கற்பித்தார்கள். அச்சகோதரிகளில் பலர் தாமே முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள். பெரிய நிறுவனத்திற்குள் சிறிய நிறுவனம். அச்சிறியதற்குள்ளும் இன்னும் இரண்டு சிறியவை.

இனி நம் பக்கத்தைப் பார்ப்போம். நம்மவருக்கும் இக்கேள்வி புதிதன்று.

வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். முதல் அதிபர் டானியல் பூர். கணிதம், வானியல், தமிழ் இலக்கியம், ஆங்கிலம் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கது என்று எமர்சன் ரெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி எழுதிய பெருமை அதற்கு உண்டு. ஆனால் 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் தலைமை, ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் போதகர்களாகாமல் அரச உத்தியோகத்திற்குப் போகிறார்கள் என்று கருதியது. செமினரி மூடப்பட்டது. இரண்டாண்டு கழித்து, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதற் பட்டதாரிகள் இருவரும் யார்? சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. இருவருமே வட்டுக்கோட்டை மாணவர்கள். பெரிய பல்கலைக்கழகம் பட்டத்தை அளித்தது. அதற்கான அறிவை அளித்த சிறு கல்லூரியோ அப்போது உயிரோடில்லை. தாமோதரம்பிள்ளை பின்னர் ஏடுகளைத் தேடி எடுத்து, தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றியதை நீங்கள் அறிவீர்கள்.

சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் முறையில் அமைந்தது. அது தேர்வு வைக்கும், பட்டம் கொடுக்கும். பாடம் நடத்துவது இணைப்புக் கல்லூரிகளின் வேலை. நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்த புனித வளனார் கல்லூரியும், சென்னையில் 1925இல் தொடங்கிய லயோலாவும் அப்படித்தான் வளர்ந்தன. இயேசுசபைக் குருக்களிடம் படித்துச் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவர்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். சிறியதா பெரியதா என்ற கேள்வியே அவர்களுக்கு எழுந்திருக்காது. இரண்டும் ஒரே சான்றிதழில் அடங்கியிருந்தன. அம்முறைக்கும் ஒரு குறை உண்டு. பாடத்திட்டத்தை எழுதுபவர் ஒருவர், கற்பிப்பவர் வேறொருவர். 1978இல் லயோலா முதலிய சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி அளிக்கப்பட்டது அக்குறையைக் களையவே.

இலங்கை வேறு வழியில் சென்றது. 1942இல் அமைந்த இலங்கைப் பல்கலைக்கழகம், துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் அவர்களின் விருப்பப்படி, ஒற்றை வதிவிடப் பல்கலைக்கழகமாகத் திட்டமிடப்பட்டது. பேராதனையின் அழகு அதனால் வந்தது. இணைப்புக் கல்லூரிகளுக்கு அதில் இடமிருக்கவில்லை. யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப் பிரிவும், பீற்றர் பிள்ளை அடிகளார் 1954இல் கொழும்பில் நிறுவிய அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரியும் இலண்டன் வெளிவாரிப் பட்டத்தை நம்பியே நின்றன. பீற்றர் பிள்ளை அடிகளார் அமலமரித் தியாகி. கேம்பிரிட்ஜில் கற்ற கணித மேதை. தொழிலாளர் உரிமைக்காகப் பேசியவர். இப்படியொரு மனிதர் தலைமை தாங்கியும் அக்குவைனாஸ் ஒரு பல்கலைக்கழகமாக வளர அந்நாட்டில் வழி கிடைக்கவில்லை. 1970களில் தரப்படுத்தல் வந்து நம் பிள்ளைகளுக்குப் பெரிய பல்கலைக்கழகத்தின் கதவு பாதி மூடப்பட்டபோது, அவர்கள் ஒதுங்குவதற்குச் சிறு கல்லூரிகளும் பலமாக இருக்கவில்லை. 1974இல் யாழ்ப்பாண வளாகம் பிறந்தபோது, இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி திருநெல்வேலியில் அதன் இல்லமாயிற்று. வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப் பிரிவுக் கட்டடங்களில் விஞ்ஞான வகுப்புகள் நடந்தன. பெரியதைக் கட்டச் சிறியவை விதைநெல்லாயின. அது தேவையாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரொறன்ரோவில் நடந்ததுபோல் அவை உள்ளேயே தம் பெயரோடு நிலைத்திருக்க ஒரு வழி அமைந்திருந்தால் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

ரொறன்ரோக் கூட்டாட்சி என்ன விளைவித்தது என்று பார்ப்போம். 1929இல் பாரிஸ் நகரத்து மெய்யியலறிஞர் எத்தியேன் கில்சோன் அவர்களோடு சேர்ந்து கார் அடிகளார் புனித மிக்கேலில் இடைக்கால ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். பத்தாண்டுகளில் அதற்குத் திருத்தந்தையின் பட்டயம் கிடைத்தது. புனித தோமா அக்குவினாரைக் கற்க ஐரோப்பாவிலிருந்தே மாணவர்கள் இங்கு வந்தார்கள். ஜாக் மரித்தேன் வந்து பாடம் சொன்னார். 1946இல் மார்ஷல் மக்லூகன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் வந்து சேர்ந்தார். தம் 25ஆம் வயதில் கத்தோலிக்கரானவர் அவர். அச்சும் தொலைக்காட்சியும் மனித மனத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்று அவர் ஒரு பழைய வண்டிக்கொட்டகையில் நடத்திய திங்கள் மாலை வகுப்புகள் புகழ்பெற்றவை. ஆங்கில இலக்கியம் கற்பிக்க வந்தவர் துறை எல்லைகளை இப்படித் தாண்டி அலையப் பெரிய துறையொன்று விட்டிருக்குமா என்பது எனக்கு ஐயமே. சிறு கல்லூரி அவருக்கு இடம் கொடுத்தது. பெரிய பல்கலைக்கழகம் அவருக்கு நிலையத்தையும் நூலகத்தையும் கேட்போரையும் கொடுத்தது.

இழப்பும் உண்டு; அதை மறைத்துச் சொன்னால் வரலாறாகாது. 1960களில் மாணவர் தொகை பெருகியது. 1969இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் மாணவர் விரும்பிய பாடத்தை எங்கும் எடுக்கலாம் என்றாயிற்று. கல்லூரி தன் மாணவருக்குத் தன் ஆசிரியரைக் கொண்டு கற்பிப்பது என்ற பழைய ஒழுங்கு தளர்ந்தது. செலவையும் தாங்க முடியவில்லை. 1974இல் கையெழுத்தான உடன்பாட்டின்படி கல்லூரிகளின் துறைகள் பல்கலைக்கழகத் துறைகளோடு ஒன்றாயின. பேராசிரியரை நியமிப்பது பல்கலைக்கழகமாயிற்று. கல்லூரிக்கு எஞ்சியவை விடுதி, மாணவர் நலன், நூலகம், இறையியல் பீடம், தனக்கேயுரிய சில சிறப்புப் பாடநெறிகள். 1881இல் கேட்டுப் பெற்ற மெய்யியல் உரிமை 93 ஆண்டுகளுக்குப் பின் ஏறத்தாழக் கரைந்துபோனது. அக்காலத்துப் பசிலியன் குருக்களில் சிலர் இதை வீழ்ச்சி என்றே கருதினார்கள். அவர்களோடு நான் பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் தனித்து நின்றிருந்தால் தப்பியிருப்பார்களா? ஒட்டாவாவில் அமலமரித் தியாகிகள் 1848இல் தொடங்கிய கல்லூரி தனிப் பல்கலைக்கழகமாகவே வளர்ந்தது. 1965இல் அரச நிதி வேண்டி அது சமயச் சார்பற்றதாக மாற, புனித பவுல் பல்கலைக்கழகம் என்னும் சிறு நிறுவனம் பழைய பட்டயங்களோடு அருகே நின்றுகொண்டது. வின்சரில் பசிலியன் குருக்களின் அசம்ப்ஷன் பல்கலைக்கழகம் 1963இல் அதே வழியில் சென்றது. தனியாகப் பெரிதாக வளர்ந்தவை கைமாறின. கூட்டுக்குள் சிறிதாக இருந்தது பெயரோடு நிற்கிறது, பாதி வெறுமையாக என்றாலும்.

இனி, இன்றைய பெற்றோருக்கு. முதலில் ஒரு சொற்குழப்பத்தை நீக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். புனித பத்திரிசியார் கல்லூரியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தேன் என்று நம்மவர் சொல்வார்கள். தமிழ்நாட்டில் பட்டப்படிப்பு நடக்குமிடம். ஒன்ராறியோவில் அச்சொல்லுக்கு முதற் பொருள் தொழில்நுட்பக் கல்லூரி. அவ்வகையில் மாகாணத்தின் முதற் கல்லூரியான சென்ரெனியல் 1966இல் நம் வார்டன் சாலையிலேயே தொடங்கியது. அதன் ஆஷ்ரன்பீ வளாகம் நம் வீடுகளுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. அதை இரண்டாந்தரம் என்று எண்ணி வாகனப் பொறியியல் கற்க விரும்பும் மகனை வற்புறுத்தி வேறெங்கோ அனுப்பும் வழக்கத்தை நாம் விட வேண்டும். நான்காவதாக, ரொறன்ரோப் பல்கலைக்கழக நகர் வளாகத்தில் கல்லூரி என்பது கலை, அறிவியல் பீட மாணவர் ஒவ்வொருவரும் சேர வேண்டிய ஓர் இல்லம். விண்ணப்பத்தில் ஏழு கல்லூரிகளை விருப்ப வரிசையில் குறிக்கச் சொல்வார்கள். நம் வீடுகளில் அந்த இடத்தைப் பிள்ளை இரவு பன்னிரண்டு மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறது. கல்லூரி எதுவாயினும் பட்டம் ஒன்றே. படிப்புக் கட்டணமும் ஒன்றே.

தொண்ணூறாயிரத்தைத் தாண்டிய மாணவர் தொகையுள்ள பல்கலைக்கழகத்தில் முதலாண்டு விரிவுரைகள் சில, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அமரும் பட்டமளிப்பு மண்டபத்தில் நடக்கின்றன. அதே ஆண்டு அதே பிள்ளை விரும்பினால் கல்லூரியின் முதலாண்டுச் சிறு வகுப்பில் இருபத்தைந்து பேரில் ஒருவராக அமரலாம். புனித மிக்கேலே இன்று ஏறத்தாழ 5,000 மாணவரைக் கொண்டது. நியூமன் நினைத்த கல்லூரி அதுவன்று. தேடிப் போனால்தான் அங்கும் ஆசிரியர் பிள்ளையின் பெயரை அறிவார். எனவே பெற்றோரிடம் நான் திரும்பக் கேட்பது இதுதான்: உங்கள் பிள்ளை தானாகப் போய்க் கதவைத் தட்டுமா, யாராவது வந்து தோளைத் தொட வேண்டுமா? முதல் வகைப் பிள்ளைக்குப் பெரிய இடம் வரம். இரண்டாம் வகைப் பிள்ளையை, மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், சிறிய இடத்தில் அல்லது பெரியதற்குள் இருக்கும் சிறியதில் சேர்ப்பதே நல்லது என்பது என் எண்ணம். இப்பங்கில் பிள்ளைகளை நான் பார்த்தவரையில், முதலாண்டில் சோர்ந்து வீட்டுக்குத் திரும்பியவர்களில் அறிவு குறைந்தவர் ஒருவரும் இல்லை. பேச்சுத் துணையற்றுப் போனவர்களே பெரும்பாலோர்.

ஸ்காபரோ வளாகத்தையும் மறக்க வேண்டாம். 1964இல் நிறுவப்பட்டபோது அதன் பெயரே ஸ்காபரோக் கல்லூரி. விரிவுரைகளைத் தொலைக்காட்சிப் பெட்டியில் காட்டிக் கற்பிக்கலாம் என்ற திட்டத்தோடு அக்கொங்கிறீற்றுக் கட்டடத்தை எழுப்பினார்கள். சில ஆண்டுகளிலேயே திட்டத்தைக் கைவிட்டார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் நம் பிள்ளைகள் கணினித் திரையில் பட்ட பாட்டை நினைத்தால், அன்றே கற்றிருக்க வேண்டிய பாடம். அவ்வளாகத்தில் தமிழியல் இருக்கை அமைக்க உலகத் தமிழர் சிறுகச் சிறுகக் கொடுத்த முப்பது இலட்சம் டொலர் நிதி 2021இல் நிறைவெய்தியது. நம் பங்கின் முதியவர்களும் தம் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்தார்கள். பஞ்சத்திற்குத் தப்பி வந்த ஐரிஷ் மக்களின் பேரப்பிள்ளைகள் புனித மிக்கேலில் கெல்ற்றிக் மொழியும் வரலாறும் கற்கும் பாடநெறியை வைத்திருக்கிறார்கள். அதையும் இதையும் அடுத்தடுத்துப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அனுமதிக் கடிதம் வந்த வீடுகளில், முடிவு சொல்லுமுன் பிள்ளையும் பெற்றோரும் ஒருமுறை இரண்டு இடங்களையும் நேரில் போய்ப் பாருங்கள். எல்ஸ்மியர் சாலையில் 95ஆம் இலக்கப் பேருந்து ஸ்காபரோ வளாகத்திற்கே போகிறது. வார்டன் சாலையில் 68ஆம் இலக்கப் பேருந்தில் ஏறி, வார்டன் நிலையத்தில் சுரங்க இரயில் பிடித்து, பே நிலையத்தில் இறங்கித் தெற்கே சிறிது நடந்தால் குளோவர் ஹில். வார நாளில் போங்கள். விடுமுறையில் வெறும் கட்டடம்தான் தெரியும். பிள்ளையைச் சற்று முன்னே நடக்க விடுங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை